நாளை காலை பிளஸ் டூ பிசிக்ஸ்: ராத்திரி முழுக்க உட்காரணுமா, தூங்கிடலாமா?

கடைசி_வரிசை | இரவு 7:22

நாளைக்கு 10 மணிக்கு இயற்பியல் பொதுத்தேர்வு. 11 பாடத்தில் 8 பாடம் ஒரு தடவையாவது முடிச்சிருக்கேன். மின்காந்த அலைகள், குறைக்கடத்தி எலக்ட்ரானியல், கடைசிப் பாடமான அண்மைக்கால வளர்ச்சிகள் மூணும் தொடவே இல்லை. நிலைமின்னியல், மின்னோட்டவியல் ரெண்டும் வருஷ ஆரம்பத்தில் படிச்சது, இப்ப புரட்டினா பாதி புதுசா தெரியுது.

70க்கு 55 வந்தா போதும். இன்னிக்கு காலைல 6 மணிக்கு எழுந்தேன். அம்மா "பத்து மணிக்குப் படுடா, நாலு மணிக்கு எழுப்புறேன்"னு சொல்றாங்க. பசங்க எல்லாம் நைட் அவுட். தெளிவா யாராவது சொல்லுங்க: மூணு பாடத்தையும் விடிய விடிய முடிக்கிறதா, இல்ல தூங்குறதா?

---

கரும்பலகை | இரவு 7:41

தம்பி, தூக்கம் அப்புறம். முதல்ல வினாத்தாளைக் கணக்குப் போடு.

ஒரு மார்க் 15. ரெண்டு மார்க் 9 கொடுத்து 6 எழுதணும், மூணு மார்க்கும் அதே மாதிரி 9ல் 6. அஞ்சு மார்க் 5 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு 'அல்லது' உண்டு. ஆக அச்சில் அஞ்சு மார்க் கேள்வி பத்து, பாடம் பதினொண்ணு. தொடாத மூணு பாடத்துல ரெண்டு, ஒரே கேள்வியில் 'அல்லது'க்கு ரெண்டு பக்கமும் வந்தாதான் உனக்கு முழு அஞ்சும் போகும். ரெண்டு மார்க்கிலும் மூணு மார்க்கிலும் மூணு மூணு கேள்வி விட்டுத்தள்ள இடம் இருக்கு. நகர முடியாதது 24ஆம் கேள்வியும் 33ஆம் கேள்வியும்தான். ரெண்டும் கட்டாயம், பெரும்பாலும் கணக்கு. அது எந்தப் பாடத்திலிருந்தும் வரலாம்.

அதனால 55க்கு உனக்கு ஏற்கெனவே படிச்ச 8 பாடம் போதும், அது கையில் நின்னா. இன்னிக்கு ராத்திரி முதல் வேலை பழசு, புதுசு இல்லை. நிறைய பேர் இங்கதான் தலைகீழாப் போறாங்க. தெரியாத பாடம் பயமுறுத்துது, அதனால அதையே பிடிச்சு நாலு மணி நேரம் போராடி மூணு மார்க்குக்குப் படிச்சிட்டு, தெரிஞ்ச வீட்ஸ்டோன் சமனச்சுற்றைத் திருப்பிப் பார்க்காம போய் அஞ்சு மார்க்கை விட்டுட்டு வர்றாங்க.

தொடாத மூணுல ரெண்டு சுலபம். கடைசிப் பாடத்துல டெரிவேஷனே கிடையாது. நானோ, ரோபோ, மருத்துவம்னு உரைநடைதான், நாற்பது நிமிஷம் போதும். ரோபோவின் பாகங்கள், நன்மை தீமை, நானோ பொருட்களின் பயன் இதுக்கு மேல போகாதே. மின்காந்த அலைகள் சின்னப் பாடம். இடப்பெயர்ச்சி மின்னோட்டம், அலைகளின் பண்புகள், நிறமாலையில் ஒவ்வொரு கதிரின் பயன், மேக்ஸ்வெல் சமன்பாடுகள் நாலும் தொகை வடிவில். ஒரு மணி நேரம்.

குறைக்கடத்தி பெரிய பாடம், முழுசா இன்னிக்கு ஆகாது. பி-என் சந்தி எப்படி உருவாகுதுன்னு இப்பப் போய் ஆரம்பிக்காதே. லாஜிக் கேட் உண்மை அட்டவணைகள், டி மார்கன் தேற்றங்கள், முழு அலைதிருத்தி படத்தோட. அவ்வளவுதான்.

அப்புறம் படிக்கிற முறை. டெரிவேஷனை வாசிக்காதே, எழுது. ஆனா முழுசா எழுதாதே, நேரம் போயிடும். படம், தொடக்கச் சமன்பாடு, நடுவில் மாறுற ரெண்டு வரி, இறுதிச் சமன்பாடு. புத்தகத்தை மூடிட்டு இந்த எலும்புக்கூடு மட்டும் ஒரு ரஃப் தாளில் வரணும். ஒண்ணுக்கு நாலு நிமிஷம். வரலைன்னா திறந்து பாரு, மூடு, திரும்ப எழுது. திருத்தும்போது மதிப்பெண் படிப்படியாதான் போடுவாங்க. படமும் முதல் வரியும் சரியா இருந்தாலே கொஞ்சம் விழும், அதனால எலும்புக்கூடு தெரிஞ்சா வெறுங்கையோட வரமாட்டே.

---

தூக்கக்கணக்கு | இரவு 8:03

கரும்பலகை சொன்னது சரி. நேரக் கணக்கை நான் சொல்றேன்.

காலை 6 மணிக்கு எழுந்தவர் இன்று இரவு 11 மணிக்கு 17 மணி நேரம் விழித்திருப்பார். 1997இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் இதை அளந்தார்கள். 17 மணி நேர விழிப்பில் கை-கண் ஒத்திசைவு, 100 மி.லி. ரத்தத்தில் 50 மி.கி. ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்குகிறது. 24 மணி நேரத்தில் அது 100 மி.கி. அளவுக்குப் போகிறது. நம் ஊரில் வண்டி ஓட்ட அனுமதி 30 மி.கி. வரைதான். நைட் அவுட் அடித்தவர் நாளை 10:15க்குப் பேனாவைத் திறக்கும்போது 28 மணி நேரம் தாண்டியிருக்கும்.

இதில் முதலில் போவது ஞாபகம் என்று நினைப்பார்கள். இல்லை, கவனம். நன்றாகப் படித்த விதி தூக்கம் கெட்டாலும் வரும். ஆனால் "பின்வருவனவற்றுள் எது தவறானது" என்பதை "எது சரி" என்று படித்துவிடுவீர்கள். மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலச் சூத்திரத்தில் 2 வரும், நடுவரைத் தளத்தில் 2 வராது, எதிர்க்குறி வரும். இந்த மாதிரி இரட்டையர்கள்தான் தூங்காத மூளையில் இடம் மாறுகின்றன. பயனுறுதிறன் அரை அலைதிருத்திக்கு 40.6%, முழு அலைதிருத்திக்கு 81.2% என்பதும் இதே ரகம். ஒரு மார்க் 15இல் நாலைந்து இப்படியே ஓடிப்போகும்.

இன்று படிப்பது மூளையில் நிலைபெறுவதும் தூக்கத்தில்தான். முன்னிரவில், அதாவது படுத்த முதல் மூன்று நான்கு மணி நேரத்தில், ஆழ்ந்த தூக்கம் அதிகம். பகலில் படித்த செய்திகளை மூளை திரும்ப ஓட்டிப் பதிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. விடியற்காலையில் கனவுத் தூக்கம் கூடும். அதனால் எட்டு மணி நேரம் கிடைக்காவிட்டாலும் முதல் பகுதி தொடர்ச்சியாகக் கிடைப்பது முக்கியம். ஒரு மணிக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து படித்துத் திரும்பப் படுப்பது எல்லாவற்றையும் விட மோசமான திட்டம்.

என் பரிந்துரை: 11:15க்குப் புத்தகத்தை மூடுங்கள், 11:30 முதல் 5:30 வரை தூக்கம். ஆறு மணி நேரம். உங்கள் வயதுக்குத் தேவை 8 முதல் 10. ஒரு நாளைக்கு ஆறு சமாளிக்கக்கூடியது. எந்தச் சூழ்நிலையிலும் நாலரைக்குக் கீழே போகாதீர்கள்.

---

ராக்கோழி | இரவு 8:19

எல்லாரும் பயமுறுத்துறாங்க. ப்ரோ, ஒரு ராத்திரி தூங்காம யாரும் ஃபெயில் ஆனதில்லை. எக்ஸாம் டென்ஷன்ல அட்ரினலின் ஓடும், ஹால்ல தூக்கமே வராது. சும்மா சொல்லலை, எம்.ஐ.டி.யில் (குரோம்பேட்டை இல்ல, அமெரிக்கா) வேதியியல் வகுப்பு மாணவர்களுக்குக் கையில் பட்டை கட்டித் தூக்கத்தை அளந்தாங்க, 2019ல் வெளிவந்த ஆய்வு. தேர்வுக்கு முந்தின ராத்திரி தூக்கத்துக்கும் மார்க்குக்கும் தொடர்பே இல்லைன்னு வந்துச்சு. அப்புறம் எதுக்கு 11:15க்கே மூடணும்?

---

தூக்கக்கணக்கு | இரவு 8:27

அந்த ஆய்வு உண்மை, நல்ல ஆய்வும்கூட. அதன் மறுபாதியையும் சொல்லணும். முந்தின ஒரு இரவின் தூக்கத்துக்குத் தொடர்பு தெரியவில்லை. ஆனால் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டிருந்த வாரம், மாதம் முழுக்க நன்றாகவும் ஒழுங்காகவும் தூங்கியவர்கள் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். மதிப்பெண் வித்தியாசத்தில் சுமார் கால் பங்கு தூக்கத்தோடு சேர்ந்து போனது.

அதோடு, அங்கே யாரையும் வேண்டுமென்றே விடிய விடிய உட்கார வைக்கவில்லை. ஆறு மணி நேரம் தூங்கியவரும் ஏழு தூங்கியவரும் ஒன்றுபோல எழுதினார்கள் என்றால், பூஜ்யம் தூங்கியவரும் அப்படியே எழுதுவார் என்று அர்த்தம் ஆகாது.

ஆனால் ராக்கோழி சொல்வதில் கேட்பவருக்குப் பயன்படும் ஒரு விஷயம் இருக்கிறது. படுத்தும் சரியாகத் தூக்கம் வராவிட்டால் "எல்லாம் போச்சு" என்று பதற வேண்டாம். ஒரு மோசமான இரவு தேர்வைக் கவிழ்க்காது.

இதுவே கடைசித் தேர்வு இல்லை என்பதையும் பாருங்கள். இன்று கெடுத்த தூக்கத்தை நாளை மதியம் நாலு மணி நேரம் தூங்கித் தீர்ப்பீர்கள், நாளை இரவு 2 மணி வரை தூக்கம் வராது, அடுத்த பாடத்துக்கான படிப்பு நாள் ஒன்று அப்படியே பாழ். நைட் அவுட்டின் விலை பெரும்பாலும் அந்த அடுத்த பாடத்தில்தான் தெரியும்.

---

கடைசி_வரிசை | இரவு 8:34

சரி, நைட் அவுட் கேன்சல். மூணு சந்தேகம் மட்டும், அப்புறம் ஃபோனை வச்சிடுறேன். (1) அம்மா சொல்ற மாதிரி 10 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தா இன்னும் நல்லதா? காலைல படிச்சா மனசுல நிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. (2) இப்ப ஒரு ஸ்ட்ராங் காபி குடிக்கலாமா? பக்கத்து வீட்டு அண்ணன் தூக்கம் வராம இருக்க ஒரு மாத்திரை இருக்குன்னார். (3) டெலிகிராம்ல நாளைக்கு வர்ற கொஸ்டின் பேப்பர்னு 38 கேள்வி சுத்துது, அதை மட்டும் பார்த்தா?

---

தூக்கக்கணக்கு | இரவு 8:46

முதல் கேள்விக்கு. 10 முதல் 4 வரையும் ஆறு மணி நேரம், 11:30 முதல் 5:30 வரையும் ஆறு மணி நேரம். வித்தியாசம் உங்கள் உடல் எப்போது தூங்கப் பழகியிருக்கிறது என்பதில். பதின்பருவத்தில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்கும். வழக்கமாக 11:30க்குத் தூங்குகிறவர் இன்று மட்டும் 10 மணிக்குப் படுத்தால் ஒன்றரை மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார், பிறகு 4 மணி அலாரத்தில் நாலரை மணி நேரத் தூக்கத்தோடு எழுவார். உடல் வெப்பம் மிகக் குறைந்து, மூளை மிக மந்தமாக இருப்பதும் அந்த நாலு ஐந்து மணி வாக்கில்தான். தினமும் 10 மணிக்குப் படுத்துப் பழகியவருக்கு அம்மாவின் திட்டம் அருமையானது. பழகாதவருக்கு இன்று சோதனை செய்ய வேண்டாம்.

எழுந்த உடனே கஷ்டமானதை எடுக்காதீர்கள். தூக்கக் கலக்கம் 15 முதல் 30 நிமிஷம் நிற்கும், ஆழ்ந்த தூக்கத்தில் அலாரம் அடித்தால் இன்னும் நீளும். விளக்கைப் போட்டு, முகம் கழுவி, வாசல்வரை நடந்துவிட்டு உட்காருங்கள். முதல் கால் மணி நேரம் புக் பேக் ஒன் மார்க், அப்புறம் நேற்று தடுமாறிய எலும்புக்கூடுகள், கடைசியாக சூத்திரங்களும் அலகுகளும். 8 மணிக்கு நிறுத்திவிடலாம்.

90 நிமிஷச் சுழற்சி என்று இணையத்தில் கணக்குப் போட்டு 5:27க்கு அலாரம் வைப்பவர்கள் உண்டு. சுழற்சி ஆளுக்கு ஆள், ஒரே இரவிலும்கூட, 70 முதல் 120 நிமிஷம் வரை மாறும். அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

---

மருந்துச்சீட்டு | இரவு 8:52

இரண்டாம் கேள்விக்கு. இப்போது காபி வேண்டாம். காஃபீன் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், சிலருக்கு ஏழுகூட. 9 மணிக்குக் குடித்தால் நள்ளிரவு தாண்டியும் பாதிக்கு மேல் ரத்தத்தில் இருக்கும். படுத்தால் தூக்கம் வந்தாலும் ஆழ்ந்த பகுதி குறையும், மேலே சொன்னதுபோல உங்களுக்குத் தேவையானதே அந்தப் பகுதிதான். காஃபீன் சோர்வைத் தீர்ப்பதில்லை. தூக்க உணர்வைத் தரும் அடினோசினை அதன் இடத்தில் உட்காரவிடாமல் தடுக்கிறது, அவ்வளவே. அடினோசின் குவிந்துகொண்டேதான் இருக்கும், காபி இறங்கும்போது மொத்தமாக வந்து விழும். எனர்ஜி டிரிங்க் 250 மி.லி. டப்பாவில் 75 முதல் 80 மி.கி. காஃபீனும் நிறையச் சர்க்கரையும் இருக்கும். அதற்கும் இதே பதில்.

நாளை காலை 8:30 வாக்கில் ஒரு டம்ளர் குடிக்கலாம், தினமும் குடிப்பவராக இருந்தால் மட்டும். உச்ச விளைவு அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில். பழக்கமில்லாதவருக்குக் கைநடுக்கம், படபடப்பு, நடுவில் சிறுநீர் என்று மூன்றே கால் மணி நேரம் அவதி.

மாத்திரை கூடவே கூடாது. தூக்கம் விரட்டும் மருந்துகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. தலைவலி, படபடப்பு, தூக்கம் முழுதாகக் கெடுவது எல்லாம் வரும், முதல்முறை யாருக்கு எப்படி ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. இதன் மறுபக்கமும் உண்டு: தூக்கம் வரட்டும் என்று வீட்டில் இருக்கும் சளி மாத்திரையைப் போடுவது. குளோர்பெனிரமின், செட்டிரிசின் இரண்டும் மறுநாள் காலைவரை மந்தத்தை இழுத்துக்கொண்டு வரும். தேர்வுக்கு முந்தின இரவு அதுவும் வேண்டாம். ஏற்கெனவே மருத்துவர் சொல்லிச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

ராத்திரிச் சாப்பாடு 8:30, 9க்குள் முடியட்டும். பரோட்டா, பிரியாணி நாளைக்கு. காலையில் வழக்கமாகச் சாப்பிடும் இட்லியோ தோசையோ, வயிறு முட்டாமல்.

---

கரும்பலகை | இரவு 9:01

மூணாவதுக்கு. ஒவ்வொரு பொதுத்தேர்வுக்கும் முந்தின ராத்திரி இப்படி ஒரு தாள் சுத்தும். பழைய மாதிரி வினாத்தாளோட தலைப்பை மாத்திப் போட்டிருப்பாங்க, கேள்வி எண்ணிக்கை 38 இருக்கிறதால நம்பத் தோணும். ஒரு தாளைப் பார்த்தா அதில் இல்லாத பாடத்தை மனசு தானா கைவிட்டுடும், அதுதான் ஆபத்து. குழுவை விட்டு வெளியே வா, ஃபோனை அம்மாகிட்ட குடு. அலாரத்துக்கு அம்மாவே இருக்காங்களே.

இப்ப 9 மணி. ரெண்டேகால் மணி நேரம் இருக்கு. 10:10 வரை நிலைமின்னியல், மின்னோட்டவியல், காந்தவியல் எலும்புக்கூடுகள். இணைத்தட்டு மின்தேக்கி, வான் டி கிராஃப், வீட்ஸ்டோன், பயட்-சாவர்ட், சைக்ளோட்ரான். இருமுனையின் அச்சுக்கோட்டையும் நடுவரைத் தளத்தையும் அடுத்தடுத்து எழுதாதே, நடுவில் வேற ஒண்ணு வை, இல்லைன்னா ரெண்டும் குழம்பும். அஞ்சு நிமிஷம் எழுந்து நட. அப்புறம் 40 நிமிஷம் மின்காந்த அலைகள், கடைசி 20 நிமிஷம் லாஜிக் கேட், டி மார்கன். ஒரு மணி நேரம்னு சொன்னதைச் சுருக்கிட்டேன், மேக்ஸ்வெல்லும் நிறமாலையும் வந்தா போதும். முழு அலைதிருத்தி காலைல. கடைசிப் பாடத்தையும் காலைக்குத் தள்ளு, அது கதை மாதிரி வாசிக்கலாம்.

11:15க்கு எங்க இருந்தாலும் நிறுத்து. முடியாததை ஒரு துண்டுத்தாளில் எழுதி வை. "காலை: மின்மாற்றி, டி ப்ராய், முழு அலைதிருத்தி" இப்படி. படுத்தப்புறம் அது விட்டுப்போச்சே, இது விட்டுப்போச்சேன்னு மனசு சுத்தாது. ஹால் டிக்கெட், ரெண்டு நீல பேனா, பென்சில், ஸ்கேல் இதெல்லாம் படுக்கிறதுக்கு முன்னாடியே பையில் போயிடணும். காலைல தேடினா பத்து நிமிஷமும் நிதானமும் போகும்.

---

தூக்கக்கணக்கு | இரவு 9:08

ஒன்று விட்டுப்போனது. படுத்து இருபது நிமிஷம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டு கிடக்காதீர்கள். எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து சலிப்பான எதையாவது பாருங்கள், கண் சொருகும்போது திரும்பப் படுங்கள். பிசிக்ஸ் வேண்டாம். கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள். மணி பார்க்கிறவருக்கு "இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கு" என்ற கணக்கே தூக்கத்தை விரட்டும். தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிப் படுத்திருப்பது புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதை விட மேல்.

---

கரும்பலகை | இரவு 9:12

ஹாலுக்கும் ஒரு வார்த்தை, ஏன்னா தூக்கம் குறைஞ்சவங்க தப்பு பண்றது இங்கதான். 10 முதல் 10:10 வரை கேள்வித்தாள் வாசிக்க மட்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் முதல்ல 24, 33 ரெண்டையும் பாரு, அப்புறம் அஞ்சு மார்க்கில் எந்தப் பக்கம் எழுதப்போறேன்னு முடிவு பண்ணிக்கோ. 10:10லிருந்து அஞ்சு நிமிஷம் முகப்புத்தாள் விவரம் சரிபார்க்க. புகைப்படம், பதிவெண் உன்னுடையதான்னு பார்த்துக் கையெழுத்து போடு.

எழுத ஆரம்பிச்சதும் தெம்பு இருக்கும்போதே ரெண்டு அஞ்சு மார்க்கை முடி. ஒரு மார்க்குக்குக் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதணும், 'ஆ'ன்னு மட்டும் போட்டுட்டு வராதே. கணக்கில் கடைசி வரியில் அலகு. 12:15 வாக்கில் கண் கனத்தா தண்ணி குடி, ஒரு நிமிஷம் பேனாவைக் கீழ வச்சு நிமிர்ந்து உட்காரு, அப்புறம் எழுதினதில் குறிகளை மட்டும் ஒரு தடவை பாரு.